யு.எஸ்.பி.7: யுபிக்விடினைக் கழற்றும் நொதி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் செல்களில் புரதங்களின்மேல் யுபிக்விடின் என்னும் சிறு புரதம் ஒட்டப்படுகிறது. ஒட்டியதைக் கழற்றுவதற்கென்றே மனித உடலில் ஏறத்தாழ நூறு நொதிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைப் பற்றிய பக்கம் இது. உயிரியல் மாணவர்கள், பிள்ளையின் மரபணு அறிக்கையில் இந்தப் பெயரை முதன்முதலாகப் பார்த்த பெற்றோர், புற்றுநோய் மருந்துச் செய்தியைப் படித்துவிட்டு வந்தவர்கள் ஆகியோர் கேட்டவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். பெற்றோர் நேரே பின்பகுதிக்குப் போய்விடலாம். நடுவில் வரும் வேதியியல் அவர்களுக்குக் கட்டாயமில்லை.

யு.எஸ்.பி.7 என்றால் என்ன? கணினியில் செருகுவோமே, அதுவா?

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலவே வந்து நிற்கின்றன, என்ன செய்வது! இங்கே பேசப்படுவது ஒரு நொதி. 'யுபிக்விடினுக்கே உரிய புரோட்டியேஸ்' (புரோட்டியேஸ் என்றால் புரதத்தில் உள்ள பிணைப்பை வெட்டும் நொதி) என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள்தாம் யு.எஸ்.பி. ஏழு என்பது வெறும் வரிசை எண். ஆறைவிடப் பெரியது, எட்டைவிடச் சிறியது என்று எதுவும் இல்லை.

பழைய ஆய்வுக் கட்டுரைகளில் இதே நொதி 'ஹாஸ்ப்' என்ற பெயரில் வரும். ஹெர்பிஸ் வைரஸோடு சேர்ந்த யுபிக்விடின் புரோட்டியேஸ் என்பதன் சுருக்கம் அது. இரண்டு பெயர்களையும் இரண்டு நொதிகள் என்று எண்ணிக் குறிப்பெடுத்த மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இது 1102 அமினோ அமிலங்கள் கொண்ட பெரிய புரதம். இதற்கான மரபணு 16ஆம் குரோமோசோமின் குட்டைக் கையில், 16பி13.2 என்று குறிக்கப்படும் இடத்தில் இருக்கிறது. உடலின் பெரும்பாலான திசுக்களில் இந்த நொதி உண்டு. செல்லுக்குள் பார்த்தால் பெரும்பகுதி உட்கருவில் இருக்கும்.

யுபிக்விடினை 'சாவுச் சீட்டு' என்று படித்தேன். சரிதானே?

பாதி சரி. யுபிக்விடின் 76 அமினோ அமிலங்களே கொண்ட குட்டிப் புரதம். ஈஸ்ட்டில் இருப்பதற்கும் நம் உடலில் இருப்பதற்கும் மூன்றே அமினோ அமிலங்கள்தாம் வேறுபாடு. இத்தனை கோடி ஆண்டுப் பரிணாமத்தில் இவ்வளவு குறைவாக மாறிய புரதங்கள் வெகு சில. இதை இன்னொரு புரதத்தில் ஒட்ட இ1, இ2, இ3 என்று மூன்று நொதிகள் கைமாற்றிக் கைமாற்றி வேலை செய்கின்றன. எந்தப் புரதத்தில் ஒட்டுவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் இ3. அதனால்தான் மனிதனில் அறுநூறுக்கும் மேற்பட்ட இ3 நொதிகள் இருக்கின்றன. யுபிக்விடின் ஒட்டிய புரதம் சிதைக்கப்படுகிறது என்று கண்டறிந்ததற்காக ஆரோன் சீசனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

'சாவுச் சீட்டு' என்ற பெயர் பரவியது அந்தக் கதையிலிருந்துதான். ஆனால் யுபிக்விடினில் லைசின் என்னும் அமினோ அமிலம் ஏழு இடங்களில் இருக்கிறது. ஒரு யுபிக்விடினின் லைசினில் அடுத்த யுபிக்விடின் ஒட்டி, இப்படியே சங்கிலி நீளலாம். 48ஆம் லைசின் வழியாக நீண்ட சங்கிலி என்றால், புரதத்தை அரைத்துத் தள்ளும் புரோட்டியசோம் இயந்திரத்துக்கு அனுப்பு என்று பொருள். 63ஆம் லைசின் வழியாக நீண்டால் பெரும்பாலும் சாவு இல்லை. யாரோடு சேர வேண்டும், எங்கே போக வேண்டும் என்ற செய்தி. ஒரே ஒரு யுபிக்விடின் மட்டும் ஒட்டியிருந்தால் அதற்கு வேறு பொருள். ஆக, சீட்டு என்பது சரி. அதில் எழுதியிருப்பது எப்போதும் மரண தண்டனை அன்று.

ஒட்டியதை எதற்காகக் கழற்ற வேண்டும்? வீண் வேலை இல்லையா?

ஒட்ட மட்டும் தெரிந்து கழற்றத் தெரியாத செல்லில் எந்த முடிவையும் திரும்பப் பெற முடியாது. டி.என்.ஏ. சேதமடைந்தால் சில புரதங்களின் அளவு நிமிடக் கணக்கில் ஏற வேண்டும். புதிதாக உற்பத்தி செய்து ஏற்றுவதைவிட, அழிவுக்குப் போய்க்கொண்டிருப்பதை வழியிலேயே நிறுத்துவது விரைவு. இன்னொன்று சிக்கனம்: புரோட்டியசோமின் வாயிலிலேயே யுபிக்விடினைக் கழற்றி எடுத்துச் செல் மறுபடி பயன்படுத்துகிறது. அந்த வாயில் வேலையைச் செய்பவை வேறு நொதிகள். யு.எஸ்.பி.7 பெரும்பாலும் முன்கட்டத்திலேயே தலையிடுகிறது.

துல்லியமாக எந்த இடத்தை வெட்டுகிறது?

யுபிக்விடினின் கடைசி அமினோ அமிலம் கிளைசின், 76ஆவது. அந்த வால்முனை, இலக்குப் புரதத்தின் லைசின் பக்கக்கிளையில் உள்ள நைட்ரஜனோடு பிணைந்திருக்கும். அதற்கு ஐசோபெப்டைடு பிணைப்பு என்று பெயர். யு.எஸ்.பி.7 அந்த ஒரு பிணைப்பில் நீரைச் சேர்த்துப் பிளக்கிறது. இலக்குப் புரதமும் சிதைவதில்லை, யுபிக்விடினும் சிதைவதில்லை. 'புரோட்டியேஸ்' என்றதும் கண்டதையெல்லாம் கடித்துக் குதறும் செரிமான நொதியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

எப்படி வெட்டுகிறது? கொஞ்சம் கிட்டப் போய்ச் சொல்ல முடியுமா?

எனக்குப் பிடித்த கேள்வி.

இந்த நொதியின் வெட்டும் பகுதி ஒரு வலக்கை போல இருக்கிறது. விரல்கள், உள்ளங்கை, கட்டைவிரல் என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். விரல்கள் யுபிக்விடினின் உருண்டையான உடலைத் தாங்கிப் பிடிக்கும். உள்ளங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே உள்ள இடுக்கில் அதன் வால் நுழையும். அந்த இடுக்கின் அடியில் மூன்று அமினோ அமிலங்கள் காத்திருக்கும்: 223ஆம் இடத்தில் சிஸ்டீன், 464ஆம் இடத்தில் ஹிஸ்டிடின், 481ஆம் இடத்தில் ஆஸ்பார்டிக் அமிலம். ஹிஸ்டிடின் சிஸ்டீனிலிருந்து ஒரு புரோட்டானைப் பிடுங்கும். புரோட்டானை இழந்த கந்தகம் பிணைப்பைத் தாக்கும். ஆஸ்பார்டிக் அமிலம் ஹிஸ்டிடினைச் சரியான கோணத்தில் பிடித்துவைக்கும்.

இதுவரை பாடப்புத்தகம். 2002இல் இந்தப் பகுதியின் படிக அமைப்பு வெளியானபோதுதான் வேடிக்கை தெரிந்தது. யுபிக்விடின் இல்லாமல் சும்மா இருக்கும் நொதியில், சிஸ்டீனும் ஹிஸ்டிடினும் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்கவே இல்லை. நடுவே கிட்டத்தட்ட 10 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு) இடைவெளி. வேதிவினை நடக்க வேண்டுமானால் இதில் பாதித் தூரம்கூட இருக்கக் கூடாது. அதாவது கத்தி இருக்கிறது, ஆனால் மடங்கிக் கிடக்கிறது. யுபிக்விடின் வந்து கைக்குள் அமர்ந்ததும் உள்ளே ஒரு வளையம் திரும்பி, மூன்றும் நேர்க்கோட்டுக்கு வந்து, கத்தி விரிகிறது. இலக்கு இல்லாதபோது செயலற்று இருப்பது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு பூட்டு இருக்கிறது. நொதியின் பின்பகுதியில் யுபிக்விடின் போலவே மடிந்த ஐந்து பகுதிகள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. வெட்டும் பகுதியை மட்டும் தனியே தயாரித்துச் சோதித்தால் மந்தமாகவே வேலை செய்யும். இந்த ஐந்தில் கடைசி இரண்டும், அவற்றையடுத்த வால்நுனியும் மடங்கி வந்து கைப்பகுதியைத் தொடும்போது வேகம் பல மடங்கு ஏறுகிறது. சொந்த வாலே சாவி. ஜி.எம்.பி. சிந்தேஸ் என்னும் இன்னொரு நொதி வந்து ஒட்டினால் இந்த விரிந்த நிலை மேலும் உறுதிப்படுகிறது. டி.என்.ஏ.வுக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் மூலப்பொருள் தயாரிக்கும் நொதிக்கு இங்கே என்ன வேலை என்று முதலில் படித்தபோது நானும் விழித்தேன். செல்லில் ஒரு புரதத்துக்கு ஒரு வேலைதான் என்று நினைப்பது நம் வசதிக்காக நாம் வைத்துக்கொண்ட கணக்கு.

ஆயிரக்கணக்கான புரதங்களில் தன் இலக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நொதியின் முன்பகுதியில் டிராஃப் எனப்படும் ஒரு பகுதி உண்டு. அதில் ஒரு பள்ளம். இலக்குப் புரதத்தில் நான்கே அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சொல் இருந்தால் அந்தப் பள்ளத்தில் பொருந்தும். முதல் இடத்தில் புரோலின், அலனின், குளூட்டமிக் அமிலம் மூன்றில் ஒன்று, நடுவில் இரண்டு எதுவானாலும் சரி, நான்காவது செரின். இவ்வளவுதான் அடையாளம். சில புரதங்கள் இந்தப் பள்ளத்தை விட்டுவிட்டுப் பின்பகுதியிலுள்ள ஐந்தில் ஒன்றைப் பற்றிக்கொள்கின்றன.

பள்ளம் ஒன்றுதான், அதில் பொருந்தும் புரதங்கள் பல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அடுத்த பதிலில் அது தேவைப்படும்.

யு.எஸ்.பி.7 பி53ஐக் காப்பாற்றுகிறதா, அழிக்கிறதா? ஒரு கட்டுரை அப்படியும் இன்னொன்று இப்படியும் சொல்கிறதே?

இரண்டும் சரி. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பி53 புற்றுநோயைத் தடுக்கும் காவல் புரதம். டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும், தேவைப்பட்டால் செல்லையே சாகவைக்கும். அமைதிக் காலத்தில் அது அளவுக்கு மீறிச் சேராமல் பார்த்துக்கொள்வது எம்.டி.எம்.2 என்னும் இ3 நொதி. அது பி53மேல் யுபிக்விடினை ஒட்டி அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும்.

2002இல் ஒரு குழு, யு.எஸ்.பி.7 பி53ஐப் பற்றி, அதன்மேல் ஒட்டியதைக் கழற்றிக் காப்பாற்றுகிறது என்று காட்டியது. கேட்க அழகாக இருந்தது: ஒருவர் ஒட்டுகிறார், ஒருவர் கழற்றுகிறார். அப்படியானால் யு.எஸ்.பி.7ஐ எடுத்துவிட்டால் பி53 குறைய வேண்டும். 2004இல் மனிதக் குடல் புற்றுநோய்ச் செல்களில் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தார்கள். பி53 குறையவில்லை, ஏறியது.

அதே ஆண்டு முதல் குழுவே விடை கண்டது. நொதியை ஓரளவு குறைத்தால் பி53 குறைகிறது; ஏறத்தாழ முழுவதும் நீக்கினால் பி53 கூடுகிறது. காரணம், எம்.டி.எம்.2 தன்மேலேயே யுபிக்விடினை ஒட்டிக்கொள்ளும் பழக்கம் உள்ளது. அதைத் தொடர்ந்து கழற்றிவிட்டு எம்.டி.எம்.2ஐ உயிரோடு வைத்திருப்பதும் இதே யு.எஸ்.பி.7தான். முழுவதும் எடுத்துவிட்டால் முதலில் சரிவது எம்.டி.எம்.2. அழிக்க ஆள் இல்லாததால் பி53 தானாகக் குவிகிறது.

இப்போது அந்தப் பள்ளத்துக்கு வாருங்கள். பி53, எம்.டி.எம்.2 இரண்டும் அமர்வது அதே பள்ளத்தில்தான். ஓர் உறையில் இரண்டு கத்திக்கு இடம் ஏது? எம்.டி.எம்.2 இறுக்கமாகப் பிடிக்கிறது, பி53 தளர்வாகப் பிடிக்கிறது. அதனால் சாதாரண நாட்களில் எம்.டி.எம்.2 முந்திக்கொள்ளும், பி53 அடங்கியிருக்கும். டி.என்.ஏ. சேதம் போன்ற நெருக்கடியில் இந்தப் பிடிப்புகள் மாறி, எம்.டி.எம்.2க்குக் கிடைத்துவந்த ஆதரவு தளர, தராசு மறுபக்கம் சாய்கிறது.

எனவே 'யு.எஸ்.பி.7 பி53இன் நண்பன்' என்று தேர்வில் ஒரு வரியில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கலாம். ஆய்வுக்கூடத்தில் அந்த ஒரு வரியை நம்பி ஒரு சோதனை அமைத்தால் ஆறு மாதம் போய்விடும். எவ்வளவு குறைத்தீர்கள், எந்தச் செல்லில், அந்தச் செல்லில் பழுதில்லாத பி53 இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்காமல் இந்த நொதியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது.

பி53ஐ விட்டால் வேறு இலக்கு உண்டா?

நிறைய. இதைக் காட்டும் வலுவான சான்று எலிகளிலிருந்து வருகிறது. யு.எஸ்.பி.7 மரபணு இல்லாத எலிக்கருக்கள் ஏழாம் நாளை ஒட்டியே இறந்துவிடுகின்றன. பி53 அளவுக்கு மீறிக் கூடியதுதான் காரணம் என்றால், பி53ஐயும் சேர்த்து நீக்கினால் அவை பிழைக்க வேண்டும். பிழைக்கவில்லை. அப்படியானால் பி53 தொடர்பில்லாத இன்றியமையாத வேலை இந்த நொதிக்கு இருக்கிறது.

பிடென் என்னும் இன்னொரு புற்றுநோய்த் தடுப்புப் புரதத்தில் ஒற்றை யுபிக்விடினைக் கழற்றுகிறது. இங்கே கழற்றுவதால் பிடென் பிழைப்பதில்லை, இடம்தான் மாறுகிறது: உட்கருவை விட்டு வெளியே போய்விடுகிறது. ஃபாக்ஸோ4 என்னும் புரதத்திலும் இதே ஒற்றை யுபிக்விடின் கதை. டி.என்.ஏ.மேல் மெத்தில் குறிகளைப் பராமரிக்கும் டி.என்.எம்.டி.1, டி.என்.ஏ. சேத அறிவிப்பில் பங்கேற்கும் கிளாஸ்பின், நோயெதிர்ப்பைக் கட்டுக்குள் வைக்கும் செல்களின் ஃபாக்ஸ்பி3 என்று பட்டியல் நீள்கிறது. டி.என்.ஏ. நகலாகும் இடத்தில் சுமோ என்னும் யுபிக்விடினின் ஒன்றுவிட்ட உறவு ஒட்டிய புரதங்களிலிருந்து யுபிக்விடினைக் கழற்றி, நகலெடுப்பு தடைபடாமல் பார்த்துக்கொள்வதும் இதன் வேலை.

பெயரில் ஹெர்பிஸ் எப்படி வந்தது? இது வைரஸின் நொதியா?

நம்முடைய நொதிதான். கண்டுபிடித்த வழிதான் வைரஸ் வழி. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் ஐ.சி.பி.0 என்னும் புரதத்தை மீனுக்குத் தூண்டில் போல வைத்து, மனிதச் செல்களில் அதனோடு எது ஒட்டுகிறது என்று கிளாஸ்கோவில் ரோஜர் எவரெட் குழு தேடியது. 1990களின் நடுவில் ஒரு பெரிய புரதம் சிக்கியது. 1997இல் அது யுபிக்விடினைக் கழற்றும் நொதி என்று அறிவித்தார்கள்.

வைரஸுக்கு இதில் என்ன லாபம்? ஐ.சி.பி.0 தானே ஒரு இ3 நொதி. எம்.டி.எம்.2 போலவே தன்மேலேயே யுபிக்விடினை ஒட்டிக்கொண்டு அழியும் ஆபத்து அதற்கும் உண்டு. யு.எஸ்.பி.7ஐ இழுத்து அருகில் வைத்துக்கொண்டால் அந்தச் சீட்டு உடனுக்குடன் கழன்றுவிடும். எப்ஸ்டீன்-பார் வைரஸின் வழி வேறு. அதன் இ.பி.என்.ஏ.1 புரதம் நாம் முன்பு பார்த்த அந்தப் பள்ளத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறது. பி53ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. வெவ்வேறு வைரஸ்கள் தனித்தனியே இந்த ஒரு நொதியைக் குறிவைத்திருப்பதே, செல்லில் இதன் இடம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் யுபிக்விடின் கழன்றதை எப்படிப் பார்ப்பது?

வெஸ்டர்ன் பிளாட் எனப்படும் முறையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, எதிர்ப்பொருளால் அடையாளம் காண்பது. யுபிக்விடின் ஒன்று ஏறினால் எடை சுமார் 8.5 கிலோடால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு) கூடும். ஆகவே இலக்குப் புரதம் ஒரு கோடாக இல்லாமல், மேலே ஏணிப்படிகளாகவும், அதற்கும் மேலே கரித்துண்டால் தேய்த்ததுபோல ஒரு கறையாகவும் தெரியும். யு.எஸ்.பி.7 வேலை செய்தால் அந்தக் கறை மெலியும். கூடவே 223ஆம் சிஸ்டீனை மாற்றிய செயலற்ற நொதியையும் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் கறை அப்படியே இருந்தால்தான் கழற்றியது இந்த நொதியே என்று சொல்லலாம்.

நான் முதல்முறை செய்தபோது எல்லாக் குழிகளிலும் கறை இல்லை. நொதி சேர்த்ததிலும் இல்லை, சேர்க்காததிலும் இல்லை. இரண்டு வாரம் எதிர்ப்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் செல்லை உடைக்கும் கரைசலில் என்-எத்தில்மாலிமைடு சேர்க்க மறந்திருந்தேன். செல் உடைந்ததும் அதிலுள்ள கழற்றும் நொதிகள் எல்லாம் கட்டவிழ்ந்து, நான் பார்க்க விரும்பிய சீட்டுகளைக் குழாயிலேயே கழற்றித் தீர்த்துவிட்டன. அந்த வேதிப்பொருள் சிஸ்டீனைக் கட்டிப்போட்டு அவற்றை நிறுத்தும். அதோடு டி.டி.டி. (டைதயோதிரீட்டால்) போன்ற கந்தகப் பொருளைச் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கொள்ளும் என்பதை அடுத்த வாரம் தெரிந்துகொண்டேன்.

நிறைநிறமாலை முறையில் புரதத் துண்டுகளின் நிறையை அளப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: டிரிப்சின் என்னும் நொதி புரதத்தை வெட்டியபின், யுபிக்விடின் இருந்ததன் தடயமாக லைசினில் இரண்டு கிளைசின்கள் மிஞ்சும், 114 டால்டன். சிஸ்டீனை மூடிவைக்கச் சேர்க்கும் அயோடோஅசிட்டமைடு ஒரே லைசினில் இரண்டு முறை ஒட்டினாலும் அதே 114 வந்து ஏமாற்றும். குளோரோஅசிட்டமைடுக்கு மாறிக்கொள்வது நல்லது.

என் பிள்ளையின் மரபணு அறிக்கையில் 'யு.எஸ்.பி.7 மாற்றம்' என்று இருக்கிறது. இது என்ன நோய்?

ஹாவ்-ஃபவுன்டன் கூட்டறிகுறி என்று இப்போது அழைக்கிறார்கள். 2015இல் 7 பேரிடம் இது முதன்முதலாக விவரிக்கப்பட்டது. 2019இல் மேலும் 16 பேர் விவரிக்கப்பட்டார்கள். அதன்பின் உலகெங்கும் பலர் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். இது அரிய நிலை. நொதி முற்றிலும் இல்லாமல் போவதில்லை. இரண்டு மரபணுப் பிரதிகளில் ஒன்று பழுதாகி, மற்றொன்று மட்டும் வேலை செய்கிறது.

வளர்ச்சித் தாமதம், பேச்சு தாமதப்படுதல் அல்லது மிகக் குறைவாகப் பேசுதல், அறிவுத்திறன் குறைபாடு, தசைத் தளர்ச்சி ஆகியவை அடிக்கடி காணப்படுகின்றன. ஆட்டிசம் சார்ந்த நடத்தைகள், வலிப்பு, கண் மற்றும் உணவூட்டல் சிக்கல்கள் சிலருக்கு உண்டு. ஒரே பெயருள்ள நோய் இரண்டு பிள்ளைகளில் ஒரே மாதிரி இருப்பதில்லை. பட்டியலில் உள்ள எல்லாமே உங்கள் பிள்ளைக்கு வந்துவிடும் என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

மூளையில் என்ன நடக்கிறது? முழுக் கதையும் இன்னும் விளங்கவில்லை; தெளிவாகத் தெரிந்த ஒரு பகுதி உண்டு. செல்லுக்குள் இழுக்கப்பட்ட புரதங்களைப் பிரித்து மறுபடி மேற்பரப்புக்கு அனுப்பும் நிலையங்கள் எண்டோசோம்கள். அங்கே வாஷ் என்னும் புரதத்தில் யுபிக்விடின் ஏறினால் வேலை தொடங்கும். அது மிகக் குறைந்தாலும் கோளாறு, மிகக் கூடினாலும் கோளாறு. ஏற்றுவது மேஜெல்2, டிரிம்27 என்ற கூட்டணி. டிரிம்27 தன்னையே அழித்துக்கொள்ளாமல் காப்பது யு.எஸ்.பி.7, வாஷ்மேல் அளவுக்கு மிஞ்சி ஏறியதைக் குறைப்பதும் யு.எஸ்.பி.7. எம்.டி.எம்.2, பி53 இரண்டையும் ஒரே கை தாங்கியது நினைவிருக்கிறதா? இங்கேயும் அதே கதைதான்.

இது பெற்றோரிடமிருந்து வந்ததா? அடுத்த குழந்தைக்கும் வருமா?

பெரும்பாலும் இல்லை. இந்த மாற்றம் கரு உருவாகும்போது புதிதாக ஏற்படுகிறது. பெற்றோர் இருவரின் இரத்தப் பரிசோதனையிலும் அது இருக்காது. கர்ப்ப காலத்தில் தாய் செய்த எதனாலும், செய்யாத எதனாலும் வந்தது அன்று. அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் பூஜ்ஜியம் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது: பெற்றோரில் ஒருவரது கருமுட்டைகள் அல்லது விந்தணுக்களில் ஒரு பகுதியில் மட்டும் மாற்றம் ஒளிந்திருக்கலாம். மரபியல் ஆலோசகரிடம் பேசும்போது இதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

உணவாலோ மாத்திரையாலோ இந்த நொதியைக் கூட்ட முடியுமா?

முடியாது. முடியும் என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். இப்போதைக்குப் பயன் தருபவை பேச்சுப் பயிற்சி, இயன்முறைப் பயிற்சி, வலிப்பு இருந்தால் அதற்கான சிகிச்சை, சீக்கிரமே தொடங்கும் கல்வி உதவி ஆகியவை.

புற்றுநோய்க்கு யு.எஸ்.பி.7 மருந்து வந்துவிட்டதா?

இதுவரை எதுவும் அனுமதி பெற்று நோயாளிகளுக்குப் பயன்பாட்டுக்கு வரவில்லை. ஆர்வம் மட்டும் குறையவில்லை. தர்க்கம் நேரடியானது: நொதியை அடக்கினால் எம்.டி.எம்.2 சரியும், பி53 எழும், புற்றுச் செல் சாகும். 2012இல் பி5091 என்னும் வேதிப்பொருள், போர்ட்டிசோமிப் மருந்துக்கு மசியாத மைலோமா (ஒருவகை இரத்தப் புற்றுநோய்) செல்களையும் கொன்றது என்று காட்டினார்கள். போர்ட்டிசோமிப் புரோட்டியசோமையே அடைத்துவிடும் மருந்து. இங்கே அதற்கு ஒரு படி முன்பாகவே கைவைக்கிறார்கள். ஆனால் பி5091 யு.எஸ்.பி.47 என்னும் உறவுக்கார நொதியையும் தொட்டது.

கழற்றும் நொதிகளுக்குத் தனித்தனித் தடுப்பான் செய்வதே நெடுநாள் தலைவலி. எல்லாமே யுபிக்விடினைப் பிடிக்கின்றன, பெரும்பாலானவற்றில் அதே சிஸ்டீன். 2017இல் அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் அந்தத் தேக்கத்தை உடைத்தன. எஃப்.டி.671 என்னும் பொருள், மேலே சொன்ன மடங்கிய கத்தி நிலைக்குப் பக்கத்திலேயே புகுந்து, விரியவிடாமல் ஆப்புப் போல நிற்கிறது. ஜி.என்.இ.6776 என்பது சற்றுத் தள்ளி, யுபிக்விடின் அமர வேண்டிய இடத்தில் குறுக்கே நிற்கிறது. நொதி சும்மா இருக்கும்போது மடங்கியிருக்கிறது என்று 2002இல் ஒரு படிகத்தில் பார்த்தது, பதினைந்து ஆண்டுகள் கழித்து மருந்து தேடுபவர்களுக்கு வழி காட்டியது.

பி53 மரபணுவே பழுதான புற்றுநோய்கள் பாதிக்குப் பாதி இருக்கின்றன. அவற்றில் இந்தத் தர்க்கத்தின் முதன்மைப் பாதை அடைபட்டுவிடும். மற்ற இலக்குகள் வழியாகப் பயன் கிடைக்குமா என்பதைப் புற்றுநோய்க்குப் புற்றுநோய் தனியாகத்தான் பார்க்க வேண்டும். இன்னொரு கவலை, நலமான செல்களுக்கும் இந்த நொதி வேண்டும் என்பது. பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது.

அந்த மருந்து வந்தால் ஹாவ்-ஃபவுன்டன் பிள்ளைகளுக்கும் உதவுமா?

பெயர் ஒன்றாக இருப்பதால் பல பெற்றோர் இந்த நம்பிக்கையோடு எழுதுகிறார்கள். உதவாது. புற்றுநோய்க்காகத் தேடப்படுபவை எல்லாம் நொதியை அடக்கும் பொருள்கள். இந்தப் பிள்ளைகளிடம் அது ஏற்கெனவே போதாமல் இருக்கிறது. அவர்களுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: நல்ல நிலையிலுள்ள அந்த ஒரு பிரதியைக் கூடுதலாக வேலை செய்யவைப்பதோ, இருக்கும் நொதியின் வேகத்தைக் கூட்டுவதோ. செய்தியில் 'யு.எஸ்.பி.7 மருந்து' என்று கண்டால், அடக்குவதா ஊக்குவதா என்று முதலில் பாருங்கள்.